காற்று நிறுத்திய நேரம்

மார்ச் 3

பாப்பா,

நீ போனை எடுக்க மாட்டாய். இரண்டு வருடமாக அடித்து அடித்து என் விரலுக்கே அலுத்துவிட்டது. அதனால்தான் கடிதம். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. இதை அண்ணன் தங்கைக்கு எழுதுகிற கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கழிவுநீர் நிலையம் இன்னொரு கழிவுநீர் நிலையத்துக்கு எழுதுகிறது என்று வைத்துக்கொள்.

இங்கே அம்மோனியா ஏறிக்கொண்டே போகிறது. லிட்டருக்கு ஒன்று, ஒன்றரை மில்லிகிராம் என்று சாதுவாக இருந்தது, மூன்றே வாரத்தில் இருபத்தாறுக்கு வந்து நிற்கிறது. காற்றை ஊதுகிற ப்ளோயர் மூன்றும் ஓடுகின்றன. காற்றுத் தொட்டி பொங்குகிறது. ஆனால் அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியாவைத்தான் காணோம். சமைத்து வைத்திருக்கிறேன், சாப்பிட ஆளில்லை. ஆற்றில் நம் குழாய் சேருகிற இடத்துக்குக் கீழே மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்க ஆரம்பித்துவிட்டன. கரையில் இருக்கிறவர்கள் இரண்டு தடவை வாசலில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள்.

உன் நிலையத்திலிருந்து எட்டு டேங்கர் ஸ்லட்ஜ், அந்த பாக்டீரியாச் சேறு, வேண்டும். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி உயிருள்ளதைக் கொண்டுவந்து ஊற்றினால்தான் இது பிழைக்கும். ஒரு நாள் லாரி ஓட்டத்துக்குள் கழிவுநீரிலிருந்து நைட்ரஜனை எடுக்கிற நிலையம் உன்னுடையது ஒன்றுதான். உங்கள் அதிகாரியிடம் பேசினேன். "லேப்ல அந்தம்மா சரின்னா எனக்கும் சரி"ன்னு சொல்லிவிட்டார். அந்தம்மா யார் என்று எனக்குத் தெரியாதா?

அண்ணி உன்னை விசாரித்தாள். சிட்டு உன் தோள் உயரத்துக்கு வந்திருப்பாள்.

அண்ணன்


மார்ச் 8

நிலையப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பாப்பா என்று இந்த முகவரியில் யாரும் இல்லை. இங்கே இருப்பவளுக்கு நாற்பது வயது.

ஸ்லட்ஜ் கொடுப்பதில் எங்களுக்குத் தடை ஒன்றும் இல்லை. ஆனால் ஓட்டைப் பாத்திரத்தில் உறை ஊற்றிப் பயன் இல்லை. உங்களிடம் இருந்த பாக்டீரியா ஏன் போயின என்று தெரியாமல் எட்டு டேங்கர் அனுப்பினால் அவையும் போன வழியிலேயே போகும். மற்ற பாக்டீரியா சில மணி நேரத்தில் இரட்டிப்பாகிவிடும். இவை ஒன்று இரண்டாவதற்கே ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும், குளிர் என்றால் இன்னும் சோம்பல். அதனால்தான் இவற்றைத் தொட்டியில் நாள் கணக்கில் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்டவை மூன்று வாரத்தில் கூண்டோடு காணாமல் போக இரண்டே வழிதான் எனக்குத் தெரியும். ஒன்று, யாராவது விஷம் கலந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்களே ஸ்லட்ஜோடு அள்ளி வெளியே கொட்டியிருக்க வேண்டும். எது நடந்தது என்று சுற்றி வளைக்காமல் எழுதவும்.

ஜனவரியிலிருந்து தினம் எத்தனை கன மீட்டர் ஸ்லட்ஜ் வெளியே எடுத்தீர்கள் என்ற கணக்கும் வேண்டும்.

என் மகள் நலம். அது நிலைய விஷயம் இல்லை என்பதால் இதற்கு மேல் எழுதவில்லை.

ஆய்வகப் பொறுப்பாளர்


மார்ச் 12

ஆய்வகப் பொறுப்பாளர் அம்மையார் சமூகத்துக்கு,

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறாய். சொல்லிவிடுகிறேன். நானேதான் கொட்டினேன்.

ஜனவரி கடைசியில் கிளாரிஃபயரில் திட்டுத் திட்டாகக் கரிய கட்டிகள் மேலே வந்து மிதந்தன. ஸ்லட்ஜ் அடியில் படிந்து தெளிந்த தண்ணீர் வழிந்தோட வேண்டிய வட்டத் தொட்டி அது, பார்க்கவே அருவருப்பாகிவிட்டது. அடியில் கிடக்கிற பாக்டீரியா, அம்மோனியாவைத் தின்றபின் மிஞ்சுகிற நைட்ரேட்டில் உள்ள ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொண்டு நைட்ரஜனைக் குமிழியாக விடுகின்றன. குமிழி கட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறது. காற்றில்லாத் தொட்டியில் நடக்க வேண்டிய வேலை இடம் மாறி நடக்கிறது, அவ்வளவுதான். உனக்கு இது தெரியும், எனக்கும் தெரியும். பொறுத்திருந்து அடியிலிருந்து சுழற்சியைக் கொஞ்சம் கூட்டியிருந்தால் சரியாகியிருக்கும்.

ஆனால் பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி மேலிடத்திலிருந்து ஒரு குழு பார்வையிட வருவதாக இருந்தது. "என்னய்யா இது, சேறா மிதக்குது"ன்னு அவர்களில் ஒருவர் மூக்கைப் பொத்தினால் போதும், என் கதை முடிந்தது. பன்னிரண்டு நாள், தினம் வழக்கத்தைவிட மூன்று மடங்கு ஸ்லட்ஜை வெளியே எடுத்தேன். கிளாரிஃபயர் கண்ணாடி மாதிரி ஆனது. வந்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், கைகுலுக்கினார்கள். "இந்த மாதிரி ஒரு நிலையத்தைப் பார்த்ததில்லை" என்றார் பெரியவர். அவர் கார் வாசலைத் தாண்டிய மூன்றாம் நாள் அம்மோனியா நாலைத் தொட்டது.

கணக்குத் தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். திட்டுவதானால் திட்டு. இரண்டு வருடமாக நீ திட்டவும் இல்லை, பேசவும் இல்லை. திட்டினாலாவது குரல் கேட்ட மாதிரி இருக்கும்.

அண்ணன்


மார்ச் 17

அண்ணா,

"ஐயா" போட்டுத் திட்ட வரவில்லை, அதனால்தான் அண்ணா. வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

வருகிறவன் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று வீட்டில் இருக்கிறவர்களை வெளியே தள்ளியிருக்கிறாய். உனக்குச் சின்ன வயதிலிருந்தே இந்த வியாதி உண்டு. விருந்தாளி வருகிறார்கள் என்றால் உன் அழுக்குத் துணி அத்தனையும் என் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அடி வாங்கினது நான். அந்தக் குழுவில் ஒருத்தனுக்காவது நைட்ரேட் என்றால் என்னவென்று தெரிந்திருக்குமா? அவன் முகம் சுளிப்பான் என்று ஒரு ஆற்றையே நாறடித்துவிட்டாய்.

கேட்டாயே, பேசவில்லை என்று. ஏன் பேசவில்லை என்று உனக்குத் தெரியாதா? தெரியாத மாதிரி இருக்கிறாயா? சரி, ஒரு முறை எழுதிவிடுகிறேன். அடுத்த மாதம் ஒன்பதாம் தேதியோடு அவர் போய் இரண்டு வருடம். என் வீட்டுக்காரர் உன் நிலையத்தில் ஆபரேட்டர், நீ அவருக்கு மச்சான் மட்டும் இல்லை, மேலதிகாரியும்கூட. காற்றுத் தொட்டியின் நடைபாதையில் நின்று அடைத்துக்கொண்ட பம்பைத் தூக்கும்போது உள்ளே விழுந்தார். காற்று ஓடுகிற தொட்டியில் விழுந்தால் எவனாலும் மிதக்க முடியாது. குமிழியாகப் பொங்குகிற தண்ணீர் ஆளைத் தாங்காது, கல் மாதிரி இறங்கிவிடுவான். அதனால்தான் கைப்பிடிக்கு அந்தப் பக்கம் குனிவதானாலே ப்ளோயரை நிறுத்த வேண்டும் என்று விதி. நீ நிறுத்தினாய். உன் அறிக்கையில் "காற்று நிறுத்திய நேரம்: 10.25" என்று எழுதியிருக்கிறாய். அவர் விழுந்தது பதினொன்று ஐந்துக்கு. அசையாத தண்ணீர், நாலு கை போட்டால் ஏணி. ஏரியை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்துகிறவர் அதில் மூழ்கினார் என்றால் ஊரில் எல்லோரும் என்ன நினைப்பார்கள்? நினைத்தார்கள். நானும் நினைத்தேன். அதற்கு எட்டு வருடம் முன்னால் விட்ட குடியைத் திரும்பத் தொட்டுவிட்டார் என்று.

அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது உன்னை ஒரு ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "அண்ணா, குடிச்சிருந்தாரா?" நீ தலையைக் குனிந்துகொண்டாய். குடித்திருக்கிறார் என்று தெரிந்தும் அவரை ஏன் மேலே ஏற விட்டாய் என்பதுதான் என் கோபம். இன்றைக்கும் அதுதான்.

போன வாரம் சிட்டு பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். அவர் போனபின் நாங்கள் விட்டுவந்த உன் ஊரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஒரு பெண், "உங்கப்பா தண்ணியப் போட்டுட்டு டேங்க்ல விழுந்தவருதானே" என்று கேட்டாளாம். "அப்படியாம்மா?" என்றாள் சிட்டு. ஆமாம் என்றேன். பூசி மெழுகி வளர்க்க எனக்கு வராது. பன்னிரண்டு வயதாகிறது, தெரிந்துகொள்ளட்டும்.

வேலைக்கு வருகிறேன். உன் நிலையம் நன்றாக ஓடியபோது ஸ்லட்ஜை எத்தனை நாள் வைத்திருந்தாய் என்று பார்க்க வேண்டும். இரண்டு வருடம் முந்தைய பிப்ரவரி, மார்ச் தாள்களை அனுப்பு. ஏப்ரல் வேண்டாம். அந்த மாதத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.


மார்ச் 21

பாப்பா,

நீ கேட்ட பிப்ரவரி, மார்ச் இதில் இருக்கின்றன. நீ வேண்டாம் என்ற ஏப்ரலும் இருக்கிறது. கைதவறி வைத்துவிட்டேன் என்று நினைக்காதே. மூன்று முறை வெளியே எடுத்தேன், மூன்று முறையும் திரும்ப வைத்தேன்.

ஒன்பதாம் தேதித் தாளைப் பார். விசாரணையில் அதை யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. சிட்டு விஷயத்தைப் படித்த பிறகுதான் அதைத் தேடி எடுத்தேன். எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. நீ தாளைப் படிக்கத் தெரிந்தவள்.

அண்ணன்


மார்ச் 25

அரை மணிக்கு ஒரு முறை தொட்டியில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது.

10.00, இரண்டு. 10.30, இரண்டு. 11.00, இரண்டு புள்ளி ஒன்று. 11.30, பூஜ்யம்.

காற்றை நிறுத்தினால் அந்தத் தொட்டியில் இருக்கிற பாக்டீரியா மிச்ச ஆக்ஸிஜனைப் பத்து நிமிடத்தில் காலி செய்துவிடும். பத்து இருபத்தைந்துக்கு நிறுத்தியிருந்தால் பதினொரு மணிக்கு இரண்டு புள்ளி ஒன்று எங்கிருந்து வந்தது?

மீட்டர் கெட்டிருந்ததா என்று பார்த்தேன். கெட்டிருந்தால் பதினொன்றரைக்குப் பூஜ்யம் காட்டியிருக்காது. வேறு யாராவது உட்கார்ந்த இடத்திலேயே எழுதியிருப்பார்களா என்று பார்த்தேன். பத்தரைக்கும் பதினொன்றுக்கும் எழுதியது அவர் கை. ஒன்று என்ற எண்ணுக்கு மேலே சின்னக் கொம்பு போடுவார், அதேதான். பக்கத்தில் கையெழுத்து. கோட்டுக்கு மேலே நேராக உட்கார்ந்திருக்கிறது. விழுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் போட்டது. ஒரு எழுத்தும் ஆடவில்லை.

எனக்கு நீளமான பதில் வேண்டாம். காற்று ஓடிக்கொண்டிருந்ததா?


மார்ச் 29

ஓடிக்கொண்டிருந்தது.

நீளமான பதில் வேண்டாம் என்றாய். ஆனால் ஒரு வார்த்தையோடு நிறுத்தினால் அதுவும் இன்னொரு ஒளிப்பாகிவிடும். முழுக்கக் கேள்.

அன்றைக்குச் சாம்பிள் எடுக்க மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். காலையில் வந்து பார்த்தால், நைட்ரேட் கலந்த தண்ணீரைக் காற்றில்லாத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புகிற பம்ப் துணிக்கந்தலில் அடைத்துக்கொண்டு நின்றுவிட்டிருந்தது. அது ஓடாவிட்டால் நைட்ரேட் அப்படியே வெளியே போகும். ப்ளோயரை நிறுத்திவிட்டு அதைச் சரி செய்தால் அம்மோனியா ஏறும். எப்படிப் போனாலும் சாம்பிளில் மாட்டிக்கொள்வேன் என்று பயந்துவிட்டேன்.

மாப்பிள்ளை என் அறை வாசலில் வந்து நின்று, "மச்சான், ப்ளோயரை நிறுத்தச் சொல்லுங்க, நான் பம்பைத் தூக்கிடறேன்" என்றார். உள்ளே சாம்பிள் எடுக்க வந்த அதிகாரி உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து வெளியே வந்து, காதோடு சொன்னேன். "அரை மணி நேர வேலைதான், காத்து ஓடட்டும், பாத்துப் பண்ணுங்க மாப்ளே. இவங்க போற வரைக்கும் நிறுத்த முடியாது." அவர் என் முகத்தைப் பார்த்தார். "கயிறாவது குடுங்க" என்றார். கயிறு ஸ்டோரில் இருந்தது. ஸ்டோர்க்காரரை அதிகாரிகளுக்குத் தேநீர் வாங்கக் கடைக்கு அனுப்பியிருந்தேன், சாவி அவர் இடுப்பில். "இப்ப வந்துருவாரு" என்றேன். அவர் சிரித்தார். "சரி மச்சான், உங்களுக்காக" என்று சொல்லிவிட்டுப் போனார். இதை எழுதக் கூடாது என்றுதான் இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எழுதிவிட்டேன்.

சத்தம் கேட்டு ஓடினேன். பேனல் அறைக்குள் போய் நானே மூன்று ப்ளோயரையும் அடித்து நிறுத்தினேன். அப்போது பதினொன்று பத்து. நுரை அடங்கித் தண்ணீர் தெரிய எவ்வளவு நேரமாகிறது தெரியுமா? நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பாப்பா. அவருடைய பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு நின்றேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாம்பிள் எடுக்க வந்தவர்களில் இளையவர், அவருடைய அதிகாரி என்னோடு பேசிக்கொண்டிருந்தபோதே தானாகக் குழாய் முனைக்குப் போய்ப் பாட்டில்களை நிரப்பிக்கொண்டுவிட்டாராம். பத்தே முக்காலுக்கு. அதற்குப் பிறகு ப்ளோயரை நிறுத்தியிருக்கலாம். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை. அந்தச் சாம்பிள் தேறிவிட்டது. அம்மோனியா ஒன்றுகூட இல்லை.

அறிக்கையில் பத்து இருபத்தைந்து என்று போட்டது வேலைக்குப் பயந்து. அப்படிப் போட்டால் அவரைக் குடிகாரர் என்பார்கள் என்று அப்போது தோன்றவே இல்லை. நீ வந்து கேட்டபோதுதான் புரிந்தது. "இல்லை" என்று சொன்னால், "அப்ப எப்படிண்ணா மூழ்கினாரு?" என்று அடுத்த கேள்வி கேட்பாய். தலையைக் குனிந்தேன். குனிந்தது வெட்கத்தில்தான். நீ அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டது தெரிந்தது. தெரிந்தும் நிமிரவில்லை.

பேனல் அறையில் இருந்தவர் அந்த மாதமே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அண்ணிக்கும் தெரியாது.

என் மாப்பிள்ளை அன்றைக்குக் குடித்திருக்கவில்லை. காலையில் என்னோடு உட்கார்ந்து தேநீர் குடித்தார், சிட்டுவுக்குச் சைக்கிள் வாங்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்.


ஏப்ரல் 3

அண்ணா,

டேங்கர் எட்டும் வெள்ளிக்கிழமை காலை கிளம்புகின்றன. இதற்கும் அதற்கும் முடிச்சுப் போட நான் தயாராக இல்லை. நம் வீட்டுச் சங்கதி மீனுக்குத் தெரியாது. இறக்கின உடனே காற்றைக் கொடு. தண்ணீரின் புளிப்பைத் தினம் பார், ஏறினால் சுண்ணாம்பு போடு. ஒரு மாதத்துக்கு ஒரு வாளி ஸ்லட்ஜ்கூட வெளியே எடுக்காதே. கட்டி மிதந்தால் மிதக்கட்டும். எவன் பார்க்க வந்தாலும் மிதக்கட்டும்.

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் பிரித்தது தப்பு. படித்துவிட்டு ஆய்வகத்தின் கதவைச் சாத்திக்கொண்டேன். சோதனைக் குழாய்களைக் கழுவ ஆரம்பித்தேன். கழுவினதையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, உதவியாளர் வந்து கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

உன் மேல் கோபம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. அது வரும், வரிசையில் நிற்கிறது. அதற்கு முன்னால் வேறு ஒன்று வந்துவிட்டது. அவர் போன அன்றைக்கு நான் அழவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும், எல்லோரும் அதிர்ச்சி என்றார்கள். அது அதிர்ச்சி இல்லை அண்ணா. "எனக்குச் செய்த சத்தியத்தை மீறினீர்கள் அல்லவா, நன்றாக வேண்டும்" என்று அவர் தலைமாட்டில் உட்கார்ந்து மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவருடைய சட்டைகளை மூன்றாம் நாளே கட்டிக் கொடுத்துவிட்டேன். படத்தைச் சுவரில் மாட்டவில்லை. சிட்டு அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சை மாற்றினேன். இரண்டு வருடமாக, பதில் சொல்ல முடியாத மனிதரோடு தினம் சண்டை போட்டிருக்கிறேன். அவர் உனக்காகப் போனார். நான் அவரை வீட்டுக்குள் விடவே இல்லை.

ஒரே ஒரு வேலை செய். தலைமை அலுவலகத்துக்கு உன் கையால் எழுது. காற்று நிறுத்திய நேரம் 10.25 இல்லை, 11.10 என்று எழுது. ஏன் என்றும் எழுது. அவர் கேட்டதை எழுது, நீ சொன்னதை எழுது. மென்று விழுங்காதே. அந்தத் தாளை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், அதையும் சேர்த்து வை. எனக்கு ஒரு நகல் வேண்டும்.

உன் வேலை போகும். தெரிந்துதான் கேட்கிறேன்.


ஏப்ரல் 14

பாப்பா,

நகல் இதில் இருக்கிறது. ஒன்பதாம் தேதி காலையில் நேரில் போய்க் கொடுத்தேன். வாங்கின அதிகாரி படித்துவிட்டு, "இது எதுக்கு சார் இப்ப? முடிஞ்சுபோன விஷயம்" என்றார். முடியவில்லை என்றேன். பதினொன்றாம் தேதி பணியிடை நீக்க உத்தரவு வந்தது.

அதற்கு முன்னால் ஒன்று செய்தேன். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எல்லோரையும் தொட்டிப் பக்கம் வரச்சொல்லி, எழுதியதை வாய்விட்டுப் படித்தேன். ஸ்டோர்க்காரர் இடுப்பிலிருந்த சாவியைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதார். அவர் மேல் தப்பே இல்லை என்று சொன்னேன். காதில் வாங்கவில்லை. மாப்பிள்ளையோடு வேலை பார்த்த ஆபரேட்டர் ஒருவர் என் கிட்டே வந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். "அவரு குடிச்சாருன்னு நானும் பத்துப் பேர்கிட்ட சொல்லியிருக்கேனே சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

உன் ஸ்லட்ஜ் பிடித்துக்கொண்டது. நான் வெளியே வந்த அன்றைக்கு அம்மோனியா பதினாலு. இப்போது புதுப் பொறுப்பாளர் பார்க்கிறார். கட்டி மிதக்கிறது, எடுத்துவிடட்டுமா என்று போனில் கேட்டார். தொடாதீர்கள் என்றேன்.

அண்ணி என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். நீ இரண்டு வருடம் செய்தது இப்போது வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. குறை சொல்லவில்லை.

மன்னித்துவிடு என்று நாலு தடவை எழுதி நாலு தடவையும் அடித்துவிட்டேன். அந்தத் தாள்களை அனுப்பவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 20

அண்ணா,

நகல் கிடைத்தது. அன்று மாலையே சிட்டுவைப் பக்கத்தில் உட்கார வைத்து முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டினேன். ஒரு வரியையும் விடவில்லை. நடுவில் ஒரு தடவை நிறுத்தித் தண்ணீர் குடித்தேன், அவ்வளவுதான்.

அவள் உன் அத்தனை வார்த்தையையும் நிதானமாகக் கேட்டாள். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். அவரைப் போலவேதான், ஒன்று முடிந்தால்தான் அடுத்தது.

"காத்து ஓடுச்சுன்னா நீச்சல் தெரிஞ்சவங்களாலயும் முடியாதா?"

"முடியாது."

"அப்பாவுக்கு அது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா போனாரு?"

"மாமா சொன்னாருன்னு போனாரு."

ஒன்பதாம் தேதித் தாளைக் கையில் எடுத்து அவர் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்து அணைக்கக் கையை நீட்டினேன். தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

"மாமா பயந்துட்டாரு. அதனால பொய் சொன்னாரு. சரி," என்றாள். "நீ எதுக்கும்மா நம்பினே?"

எல்லோரும் சொன்னார்களே என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். எல்லோரும் அவரோடு பதினாலு வருடம் குடித்தனம் நடத்தவில்லையே. எட்டு வருடமாகத் தினம் மாலையில் அவர் வீட்டுக்குள் வந்ததும் முகத்துக்கு அருகே போய் நின்று பார்த்தவள் நான். ஒரு நாளும் வாடை வந்ததில்லை. அன்று காலை வாசல்வரை போய் அனுப்பி வைத்தவளும் நான்தான். சாம்பிள் சொல்வதை மட்டும்தான் நம்புவேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறவள், என் வீட்டு விஷயத்தில் ஒருவன் தலை குனிந்ததை நம்பினேன்.

உன்னை எழுதச் சொன்னேன், எழுதினாய். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, உரிய இடத்தில் கொடுத்தாய். நான் எந்த அலுவலகத்தில் கொடுப்பது அண்ணா?

நாலு நாளாகிறது. காலையில் சடை பின்னும்போது கண்ணாடியில் என்னைப் பார்க்கிறாள். திரும்பக் கேட்கவில்லை. நான் இன்னும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.

உன் தங்கை